கார்டுக்கு அறுபதாயிரம், கரண்டுக்கு ரெண்டாயிரம்

வா தம்பி, உட்காரு. மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு வாசல்ல நிக்காத, பாக்கறவன் நான் உன்கிட்ட வாடகை கேட்டேன்னு நெனச்சுக்குவான். ராத்திரி ஷிப்டு முடிச்சு வந்து பல்லு கூட வெளக்காம அந்தப் பெட்டியப் போடற. கொஞ்ச நேரத்துல 'அய்யோ'ன்னு ஒரு சத்தம். மாடியில யாரோ போய்ச் சேந்துட்டாங்கன்னு உங்க பாட்டி மொத நாளு தலைமுடியவே அவுத்துட்டா. அப்புறம்தான் தெரிஞ்சுது, செத்தது கம்ப்யூட்டரு, அதுவும் அடுத்த நிமிஷமே தானா பொழச்சு எழுந்துக்குதுன்னு. இந்தத் தரமணி கானகத்துல இத்தன வருஷமா இருக்கோம், இப்படி ஒரு சாவு பாத்ததில்ல. தெனமும் சாவு, ஒருத்தருக்கும் ஒரு வாய் காப்பித்தண்ணி கெடைக்கல.

நீ யார் யாரக் கேட்டன்னு எனக்குத் தெரியும். ஆபீஸ்ல பக்கத்து சீட்டுக்காரன் விண்டோஸ அழிச்சுட்டு மறுபடி ஏத்துன்னான். ஏத்தின. புது விண்டோஸும் அதே மாதிரி செத்துது, கொஞ்சம் சுத்தமா செத்துது, அவ்வளவுதான். கடைக்காரன் கிராபிக்ஸ் கார்டு பழசாயிடுச்சு, அடுத்த மாடல் வந்திருக்குன்னான். அவனுக்கு அது பழசாத்தான் தெரியும், வித்துட்டான் இல்ல? ஊர்ல இருக்கற உங்க அம்மா, எவனோ கண்ணு வெச்சுட்டான், எலுமிச்சம்பழம் கட்டுன்னாங்க. அத்தயும் கட்டின. நான் கும்புடற ஆளு, கட்டினதுல குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா பாரு, பெட்டிக்குள்ள இருந்து சூடான காத்து வெளிய வர்ற ஓட்டைக்கு நேரா கட்டியிருக்க. பழம் வெந்து போயிருக்கு. இன்னும் ஒரு வாரம் உட்டா ஊறுகாயா எடுத்துக்கலாம்.

இவ்வளவு பேரயும் கேட்டுட்டுக் கடைசியா என்கிட்ட வந்திருக்க. சுவரத் தாண்டினா ஐ.ஐ.டி. ஆராய்ச்சிப் பூங்கா, இந்தப் பக்கம் திரும்பினா கணித அறிவியல் நிறுவனம். அத்தன படிச்சவங்களயும் உட்டுட்டு, உத்திரமேரூர் பக்கம் பம்ப்செட்டுக்குக் காயில் கட்டினவன்கிட்ட வைத்தியம் கேக்கற. எனக்கு உன் விளையாட்டு தெரியாது. பேரன் செல்லுல படிச்சுக் காட்டறத வெச்சு நாலு விஷயம் தெரியும். ஆனா கரண்டுல ஓடற எதுவும் நடுவுல நின்னா அது எங்கிட்ட வந்துதான் ஆவணும், எத்தன கலர் லைட்டு போட்டிருந்தாலும் சரி.

மொதல்ல ஒண்ணு சொல்லு. அது எப்படி சாவுது? திரை நீலமாகி நாலு எழுத்து காட்டிட்டுப் போவுதா? (அந்த நீலத்தயும் 2025ல கறுப்பாக்கிட்டான், துக்கத்துக்கு ஏத்த கலருன்னு தோணியிருக்கும்.) இல்ல, ஒண்ணுமே சொல்லாம டப்புனு அணைஞ்சு தானா எழுந்துக்குதா? இல்ல, அணைஞ்சா அணைஞ்சதுதான்னு பின்னாடி சுவிட்சப் போட்டு எடுக்கற வரைக்கும் அப்படியே கெடக்குதா? மூணும் வேற வேற வியாதி. நீ என்னடான்னா எல்லாருகிட்டயும் 'ரீஸ்டார்ட் ஆவுது'ன்னு ஒரே வார்த்தையில சொல்லிட்டு வர்ற. டாக்டருகிட்ட போய் 'ஒடம்பு சரியில்ல'ன்னு மட்டும் சொன்னா அவரு ஒடம்பு பூராவும் ஸ்கேன் எடுத்துட்டுத்தான் உடுவாரு, பணமும் உன்னோடது.

டப்புனு போயிட்டு தானா வருதா? சரி. எப்ப? வேலரண்ட் ஆடினா ஒண்ணும் ஆவறதில்ல, சைபர்பங்க் போட்டாத்தான், அதுவும் கார ஓட்டிக்கினு புதுத் தெருவுல திரும்பும்போது. பாத்தியா, இத்த நீ கடைக்காரன்கிட்ட சொல்லவே இல்ல. சொல்லியிருந்தா அவன் வேற எதையாவது வித்திருப்பான்.

விண்டோஸுக்கு டைரி எழுதற பழக்கம் உண்டு. ஈவென்ட் வியூவர்னு தேடினா வரும். அதுல நீ கத்தின நேரத்துக்கு நேரா, செவப்பு அடையாளத்தோட 'கெர்னல் பவர் 41'னு இருக்கும். அத்தப் பாத்ததும் 'பவர்னு அதுவே ஒத்துக்குது தாத்தா'ன்னு ஓடி வராத. அது எதையும் ஒத்துக்கல. 'போன தரம் ஒழுங்கா மூடிட்டுப் போகல, இப்பதான் முழிச்சேன்'ங்கறதத்தான் அப்படி எழுதுது. நீயே பிளக்கப் புடுங்கினாலும் அதே 41தான். அதத் தொறந்து விவரத்தப் பாரு, பக்செக் கோடுன்னு ஒரு வரி இருக்கும். அதுல சைபர் இருந்தா, எழுதி வெக்கக் கூட விண்டோஸுக்கு நேரம் கெடைக்கல. கரண்டு, சூடு, மதர்போர்டுன்னு தேடு. வேற எண் இருந்தா, சாவறதுக்கு முன்னாடி வாக்குமூலம் குடுத்திருக்கு. டிரைவர், ரேம்னு தேடு. பக்கத்துல 'வியா லாகர்'னு ஒருத்தன் 18ன்னு எழுதி வெச்சிருந்தா ப்ராசஸர் வட்டாரத்துல ஏதோ சரியில்ல.

அதோட அவன் ஒரு குசும்பும் பண்ணி வெச்சிருக்கான். கோளாறு வந்தா தானா ரீஸ்டார்ட் ஆவட்டும்னு ஒரு டிக்கு, வரும்போதே போட்டுத்தான் வருது. சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸ்ல அட்வான்ஸ்டு, அதுக்குள்ள ஸ்டார்ட்டப் அண்ட் ரெகவரி; அங்க போய் அந்த டிக்க எடுத்துடு. எடுத்தப்புறமும் ஒரு எழுத்து காட்டாம டப்புனு எழுந்தா, அது விண்டோஸ் எடுத்த முடிவே இல்ல, கீழ்மட்டத்துல எவனோ எடுத்த முடிவு.

ஊரோட வர்ற சாவும் உண்டு. 2003 ஆகஸ்டுல பிளாஸ்டர்னு ஒரு புழு வந்து, 60 நொடியில பெட்டி அணையப் போவுதுன்னு கெடு வெச்சு, எண்ணிக் காட்டி அணைச்சுது. எக்ஸ்பி வெச்சிருந்தவன் எல்லாம் அன்னிக்கு உன்ன மாதிரித்தான் கத்தினான். 2024 ஜூலை 19ல கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பின ஒரு கோணல் ஃபைலு 85 லட்சம் பெட்டிய எழுந்துக்கவே உடாம அடிச்சுது, நம்ம நாட்டு விமான நிலையத்துல போர்டிங் பாஸக் கையால எழுதிக் குடுத்தாங்க. அந்த மாதிரி நாள்ல நீ தனியா அழ வேணாம், கூட்டமா அழலாம். உனக்கு மட்டும் வந்திருந்தா உன் ரூமுக்குள்ள தேடு.

வீட்டு வயரிங்கப் பத்திக் கேக்கறியா? அதுக்கு அப்புறம் வருவோம். மொதல்ல பெட்டியப் பாப்போம்.

அஞ்சு ஹெச்.பி. மோட்டாரு ஓடும்போது இழுக்கற கரண்டு ஒரு பங்குன்னா, கெளம்பும்போது அஞ்சாறு பங்கு இழுக்கும். லைன் மெலிசா இருந்தா அந்தக் கணத்துல வோல்டேஜ் தொபுக்குனு விழும். ஸ்டார்ட்டருக்குள்ள நோ-வோல்ட் காயில்னு ஒண்ணு இருக்கு. வோல்டேஜ் இருக்கற வரைக்கும் அது காண்டாக்ட்டப் புடிச்சுக்கினு இருக்கும், விழுந்தா கைய உட்டுடும். மோட்டார் நின்னுடும். எங்க ஊர்க்காரன் உடனே மோட்டாரக் கழட்டித் தோள்ல போட்டுக்கினு 'காயில் போச்சு, கட்டிக் குடு'ன்னு வருவான். நான் மோட்டாரத் திண்ணையில வெச்சுட்டு அவன் கொல்லையில போய் வயரப் பாப்பேன். வயர மாத்தச் சொல்லிட்டு, மோட்டாரத் தொடச்சுப் பளபளன்னு குடுத்து அதுக்கும் கூலி வாங்கிக்குவேன். அது வேற கதை.

உன் பெட்டிக்குள்ளயும் அதே ஏற்பாடுதான். பெட்டிக்கே கரண்டு பிரிச்சுக் குடுக்கற எஸ்.எம்.பி.எஸ்.ல இருந்து மதர்போர்டுக்கு ஒரு ஒத்த வயரு போவுது, பவர் குட்னு பேரு. 'வோல்டேஜ் எல்லாம் சரியா இருக்கு, நீ ஓடு'ன்னு அது சொல்லிக்கினே இருக்கணும். ஒரு கணம் அது வாய மூடினா மதர்போர்டு ப்ராசஸர நிறுத்திடும். மறுபடி அது வாயத் தொறந்ததும் மொதல்ல இருந்து ஆரம்பிக்கும். நீ பாக்கற மறுபொறப்பு அதுதான். கரண்ட ஒரேயடியா இழுத்து எஸ்.எம்.பி.எஸ். தன்னையே பூட்டிக்கிட்டா அது அந்த மூணாவது வகை, சுவிட்சப் போட்டு எடுத்தாத்தான் உயிர் வரும்.

இதுல கிராபிக்ஸ் கார்டு இருக்கே, அது மோட்டார விட மோசம். மோட்டாராவது கெளம்பும்போது மட்டும் இழுக்கும். இது நீ ஒவ்வொரு தெரு திரும்பும்போதும் கெளம்புது. அட்டையில 220 வாட்னு போட்டிருக்கான், அது சராசரி. மில்லிநொடிக் கணக்குல ரெண்டு மடங்கு வரைக்கும் எகிறும். 2020க்கு அப்புறம் வந்த பெரிய கார்டுங்க இப்படிக் குதிச்சு நல்ல நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸயே கவுத்துச்சு. அதனாலதான் 2022ல வந்த ஏ.டி.எக்ஸ். 3.0 விதியில, இந்தப் புது கார்டுங்களுக்குன்னு செய்யற சப்ளை தன் அளவப் போல ரெண்டு மடங்கு இழுப்ப 100 மைக்ரோநொடி தாங்கணும்னு எழுதினாங்க. உன்னோடது எந்த விதிப்படி செஞ்சதுன்னு டார்ச் அடிச்சுப் பாத்தேன். தலைவிதிப்படி.

ஸ்டிக்கர்ல 500 வாட்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. அத்தப் படிக்காத. கீழ பொடி எழுத்துல 12 வோல்ட்டுக்கு நேரா எத்தன ஆம்பியர்னு போட்டிருக்கான் பாரு, 25. பெருக்கு. 300 வாட்டு. ப்ராசஸரும் கார்டும் சாப்பிடறது அந்தப் பந்தியிலதான். மிச்ச 200 வாட்டு, உன் பெட்டி சீந்தாத பந்தியில பரிமாறி வெச்சிருக்கான். கார்டுக்கு 60,000 ரூபா குடுத்த, அதுக்கு சோறு போடறவனுக்கு 2,000 ரூபா. உள்ள மினுக்கற கலர் லைட்டுக்கே அத்த விட ஜாஸ்தி குடுத்திருக்க, பில்ல நானும் பாத்தேன். '80 ப்ளஸ் போட்டிருக்கே தாத்தா'ங்காத. அது கரண்டு எவ்வளவு வீணாவுதுன்னு சொல்ற சீட்டு. எவ்வளவு தாங்கும்னு சொல்ற சீட்டு இல்ல.

ஆனா நான் சொன்னேன்னு இப்பவே ஓடிப் போய் வாங்காத. காசு செலவில்லாத சோதனை ஒண்ணு இருக்கு. ஆஃப்டர்பர்னர்னு ஒரு மென்பொருள் சும்மாவே கெடைக்குது. அதுல கார்டோட பவர் லிமிட்ட 70 சதவீதத்துக்கு எறக்கு. விளையாட்டுல ஃபிரேம 60க்கு மேல போவாம கட்டு. அப்புறம் அதே தெருவுல அதே காரத் திருப்பு. சாவு நின்னுட்டா, கார்டு நல்லவன், விண்டோஸ் நல்லவன், சோறு போடறவன்தான் கஞ்சன். கூடவே இன்னொண்ணு பாரு. கார்டுல ரெண்டு சொருகல் இருக்கு, நீ எஸ்.எம்.பி.எஸ்.ல இருந்து ஒரே கேபிள இழுத்து, அதோட வாலுல தொங்கற ரெண்டாவது மூக்கயும் அதுலயே சொருகியிருக்க. ரெண்டு கேபிள் இருந்தா தனித்தனியா போடு. இருக்கா? இல்லையா? அதான் சொன்னேன், கஞ்சன்னு.

சிரிக்காத. கரண்டு கோளாறுன்னா பட்டிக்காட்டான் பேச்சுன்னு நெனைக்கற. 1969 ஜூலை 20ல ரெண்டு பேரு நெலாவுல எறங்கிக்கினு இருக்கும்போது, அவங்க கம்ப்யூட்டரும் உன்னது மாதிரிதான், 1202ன்னு ஒரு எண்ணக் காட்டிட்டு ரீஸ்டார்ட், மறுபடி 1202, மறுபடி ரீஸ்டார்ட். காரணம் என்னான்னு பாத்தா, ரேடாருக்குப் போற கரண்டும் கம்ப்யூட்டரு பக்கம் இருந்த கரண்டும் ஒரே வேகம்தான், ஆனா கட்டம் ஒத்துப் போகல. ஃபேஸு, தம்பி, ஃபேஸு! அந்த வம்புல ரேடாரு சும்மாவே கம்ப்யூட்டருக்கு வெட்டி வேலை குடுத்து, அதோட நேரத்துல சுமாரு 15 சதவீதத்தத் தின்னுடுச்சு. ஆனா அத்தச் செஞ்சவங்க கெட்டிக்காரங்க. ரீஸ்டார்ட் ஆனா அவசரமில்லாத வேலைய உதறிட்டு, எறக்கற வேலைய உட்ட எடத்துல இருந்து தொடரும். அது செத்துச் செத்துப் பொழச்சதாலதான் அவங்க எறங்கினாங்க. உன்னது செத்தா, சேவ் பண்ணாத மிஷன மொதல்ல இருந்து ஆரம்பிக்கற.

சரி, மறுபடியும் வயரிங்குன்னு இழுக்கற. இந்த வீட்டு ஓனரு யாருன்னு தெரிஞ்சுதான் கேக்கறியா? கேட்டுட்ட, சொல்றேன். மாமனாரு குடுத்த மனையில கட்டின வீடு, அந்தக் காலத்துல ரூமுக்கு ஒரு ஃபேன், ஒரு குண்டு பல்புன்னு கணக்குப் போட்டு வயரு இழுத்தது. ரூமுக்குள்ள ஒருத்தன் சைபர்பங்கோட நைட் சிட்டிய கட்டுவான்னு எலெக்ட்ரீஷியனுக்கு ஜோசியமா தெரியும்? நீ சுவத்துல ஒரு பிளக்கு, அதுல ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதுக்கு ஒரு கொழந்தை பாக்ஸ்னு வெச்சு, அந்தக் கொழந்தையில கம்ப்யூட்டரயும் மேகி கெளர்ற இண்டக்ஷன் அடுப்பயும் ஒண்ணாச் சொருகியிருக்க. அந்த அடுப்பு 2,000 வாட் இழுக்கும். நீ விளையாடும்போது உன் ரூம்மேட்டு டீ போட்டானான்னு கேட்டுப் பாரு. இன்னிக்கே பெட்டிய மட்டும் தனியா, சுவத்துல இருக்கற 15 ஆம்பியர் பிளக்குல நேரா சொருகிப் பாரு. கேபினட்டுப் பின்னாடி பவர் கார்டு ஆடுதான்னு ஒரு அமுக்கு அமுக்கிப் பாரு. பாதி வைத்தியம் அந்த அமுக்குலயே முடியும், கடைக்காரன் அத்தச் சொல்ல மாட்டான்.

இன்வெர்ட்டரு கீழ இருக்கு, ஆமாம், அது என்னோடது, ஃபேனுக்கும் லைட்டுக்கும் வாங்கினது. உன் லைன் அதுலதான் சேந்திருக்கு. ஈ.பி. கரண்டு போய் இன்வெர்ட்டர் எடுக்கறதுக்கு ஒரு இடைவெளி உண்டு. நம்ம கரண்டு நொடிக்கு 50 சுத்து, ஒரு சுத்துக்கு 20 மில்லிநொடி. நல்ல எஸ்.எம்.பி.எஸ். கரண்டு வராமலே 16, 17 மில்லிநொடி மூச்சடக்கும், அதுக்கு மேல தாங்காது. உன் கஞ்சன் அதுல பாதி அடக்கினா பெரிசு. இன்வெர்ட்டருப் பின்னாடி யு.பி.எஸ். மோடுன்னு ஒரு சுவிட்சு இருக்கு, அதுல வெச்சா சட்டுனு மாறும். இப்ப அது எதுல இருக்கு, யாரு அப்படி வெச்சாங்கன்னு எல்லாம் ஆராய்ச்சி வேணாம். இன்வெர்ட்டரு சதுர அலை குடுக்கற பழைய ரகமா இருந்தாலும் நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸே சில சமயம் மொரண்டு புடிக்கும். அதுவும் ஆராய்ச்சி வேணாம். ஒண்ணு மட்டும் கவனி. நீ கத்தற அதே நேரம் கீழ இன்வெர்ட்டரு 'பீப்'னு கத்துதா? கத்தினா சொல்லு, சுவிட்ச மாத்தறேன். கத்தலன்னா எம்மேல பழி போடாத.

ஈ.பி. மேலயும் ரொம்பப் போடாத. கத்திரி வெயில்ல ஊரே ஏ.சி. போடுது, 2024 மே 2ஆம் தேதி தமிழ்நாடு ஒரே நாள்ல 20,830 மெகாவாட் வரைக்கும் இழுத்துது. அப்ப வோல்டேஜ் கொஞ்சம் தள்ளாடத்தான் செய்யும். நல்ல எஸ்.எம்.பி.எஸ். 230 எறங்கி 180 ஆனாலும் சமாளிக்கும், மலிவு ரகத்துக்குத்தான் மயக்கம் வரும். ஸ்டெபிலைசர் வாங்கிக் கோளாற மூடி மறைக்கலாம், அதுக்குக் குடுக்கற காச எஸ்.எம்.பி.எஸ்.ல போடு.

சூடு? சூடு கெட்டவன்தான், ஆனா நேர்மையான கெட்டவன். அது சொல்லிட்டுத்தான் வரும். ப்ராசஸரு 95, 100 டிகிரிய நெருங்கினா மொதல்ல வேகத்தக் கொறைச்சுக்கும், விளையாட்டு தத்தித் தத்திப் போவும், ஃபேனு விமானம் மாதிரி கத்தும், அதுக்கு அப்புறமும் நீ கேக்கலன்னாத்தான் அணைஞ்சுடும். உனக்கு எந்தத் தத்தலும் இல்லாம டப்புனு போவுது. அதனால சூடு முதல் குத்தவாளி இல்ல, கூட்டாளியா இருக்கலாம். ஹெச்.டபிள்யூ.இன்ஃபோ போட்டு எத்தன டிகிரின்னு பாத்துடு. ராஜீவ் காந்தி சாலை பூரா மெட்ரோ தோண்டி வெச்சிருக்கான், அந்தப் புழுதி பாதி உன் ஃபில்டர்லதான் இருக்கு. பக்கவாட்டுக் கண்ணாடியக் கழட்டி, என் டேபிள் ஃபேன எடுத்துக்கினு போய் நேரா திருப்பி வெச்சு ஒரு ஆட்டம் ஆடு. அப்பவும் செத்தா சூட்ட மன்னிச்சு உட்டுடு. எலுமிச்சம்பழத்த வாசக்கதவுல கட்டு, அங்கதான் அதுக்கு வேல.

ரேம்முக்கு நம்ம ஊரு வைத்தியம் ஒண்ணு உண்டு. கழட்டி, அந்தத் தங்கக் கலரு பல்ல பள்ளிக்கூட ரப்பரால மெதுவாத் தேச்சு மறுபடி சொருகறது. கடக்காத்து அடிக்கற ஊரு, பல்லு கறுக்கும். சிரிக்கறவங்க சிரிக்கட்டும், பல பெட்டி இதுல எழுந்திருக்கு. அப்புறம் எக்ஸ்.எம்.பி.ன்னு பயாஸ்ல வேகம் ஏத்தி வெச்சிருப்ப, அத்த எறக்கிட்டு, மெம்டெஸ்ட் போட்டு ராத்திரி ஷிப்டுக்குப் போ. காலையில ஒரு செவப்பு வரி இருந்தாலும் ரேம் வேற பாரு.

உன் ப்ராசஸரு இன்டெல் 13ஆவது, 14ஆவது தலைமுறையில பெரிய ரகமா? அப்ப இத்தக் கேளு. அதுங்கள்ல பலது தேவைக்கு மேல வோல்டேஜ் வாங்கி உள்ளயே நொந்து போச்சுன்னு இன்டெல்லே 2024ல ஒத்துக்கிச்சு. ஆகஸ்டுலயும் செப்டம்பர்லயும் மைக்ரோகோடு திருத்தம் விட்டாங்க, வாரண்டிய ரெண்டு வருஷம் நீட்டினாங்க. பயாஸப் புதுசாக்கினா இனிமே நோவாது, ஏற்கெனவே நொந்தது தேறாது. அந்த ரகமா இருந்தா வாரண்டி சீட்டத் தேடு. அத்த நீ தொலைச்சிருப்பன்னு எனக்குத் தெரியும், மேகி பாக்கெட்டுக்கு அடியில பாரு.

உன் கார்டப் பத்திப் பெருமை பேசற இல்ல? நம்ம தரமணியிலயே, கணித அறிவியல் நிறுவனத்துல, 2004 வாக்குல கப்ருன்னு ஒரு கம்ப்யூட்டரு கட்டினாங்க. இமயமலையில ஒரு சிகரத்தோட பேரு. 144 பெட்டியக் கோத்து, பெட்டிக்கு ரெண்டு ஜியான் ப்ராசஸரு போட்டு, நொடிக்கு ஒரு லட்சம் கோடி கணக்கு போட வெச்சாங்க. அணுக்கருவுக்குள்ள துகளுங்க எப்படி ஒட்டிக்கினு இருக்குன்னு பாக்கறதுக்கு. உன் ஒத்தக் கார்டு இன்னிக்கு, துல்லியம் கொறைஞ்ச ரகக் கணக்குலதான், ஆனாலும் அத்தப் போல பத்து மடங்குக்கு மேல போடுது. வித்தியாசம் என்னான்னா, அந்த மாதிரி இயந்திரத்துக்கு ரூமு பாக்கறவன் மொதல்ல கேக்கறது 'கரண்டு எங்க இருந்து வருது, சூடு எங்க போவுது'ன்னு. நீ மொதல்ல கேட்டது 'லைட்டு ஊதா கலர்ல கெடைக்குமா'ன்னு. அவங்க துகளுங்களத் தேடினாங்க, நீ கார் பார்க்கிங் தேடற.

ஒரே நேரத்துல நாலையும் மாத்தாத, சொல்லிட்டேன். ரப்பரும் தேச்சு, பயாஸும் மாத்தி, ஃபேனும் வெச்சு, பிளக்கயும் மாத்தினா, நல்லாயிட்டாலும் எதனால ஆச்சுன்னு தெரியாது, உங்க அம்மா பழத்தாலதான்னு சொல்லிடுவாங்க. 1997 ஜூலையில செவ்வாயில எறங்கின பாத்ஃபைண்டர்ங்கற விண்கலமும் இப்படித்தான் அடிக்கடி ரீஸ்டார்ட் ஆச்சு. அங்க கடையும் இல்ல, அடுத்த மாடல் விக்கறவனும் இல்ல. அதனால பூமியில வெச்சிருந்த அதே மாதிரிப் பெட்டியில, அதே மாதிரி வேல குடுத்து, அது சாவற வரைக்கும் பொறுமையா ஓட்டிப் பாத்தாங்க. செத்துது. சின்ன வேல ஒண்ணு சாவியக் கையில வெச்சுக்கினு இருக்க, நடு ரக வேலைங்க அத்த ஓட உடாம மறிக்க, பெரிய வேல அந்தச் சாவிக்காகக் காத்துக்கினு நிக்க, காவலுக்கு இருந்தவன் 'இது செத்துடுச்சு'ன்னு ரீசெட் அடிச்சிருக்கான். ஒரு சின்னத் திருத்தம், அங்கேயே அனுப்பி சரி பண்ணிட்டாங்க. நீ செவ்வாயில இருக்கேன்னு நெனச்சுக்க. தெனம் ஒரு மாத்தம், அதே தெரு, அதே திருப்பம், ஒரு நோட்டுல எழுது.

நோட்டு எழுதி முடிஞ்சு, கஞ்சன்தான்னு உறுதியானா ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போ. ஞாயித்துக்கிழமை போயிடாத, பாதி கடை சாத்தியிருக்கும். தரமணி ஸ்டேஷன்ல பறக்கும் ரயில் ஏறினா சிந்தாதிரிப்பேட்டையில எறங்கிக்கலாம். 750 வாட், 12 வோல்ட்ல 60 ஆம்பியருக்குக் கொறையாம, கார்டுக்குத் தனித்தனி கேபிளோட, அஞ்சு வருஷத்துக்கு மேல வாரண்டியோட கேளு. கடைக்காரன் 'இதுவே போதும் ப்ரோ'ன்னு ஒண்ணு எடுத்து நீட்டுவான், அத்தக் கையில வாங்கிக் கூடப் பாக்காத. பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸ என்ன இருக்குன்னு பாக்கறேன்னு தொறக்காத, உள்ள இருக்கற கெப்பாசிட்டர்ல பிளக்கு புடுங்கினப்புறமும் 300 வோல்ட்டுக்கு மேல நிக்கும். எங்கிட்ட குடு. அதுல இருக்கற ஃபேனு இன்வெர்ட்டருக்கு ஆவும்.

அப்புறம், எனக்கு ஃபீஸுன்னு ஒண்ணும் வேணாம். கடை தொறக்கப் பத்தரை ஆவும். நீ ஷிப்டு முடிஞ்சு நேரா போனா சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட்டு அப்பதான் சூடா இருக்கும். வஞ்சிரம் வேணாம், விலை. சங்கரா ரெண்டு கிலோ வாங்கு, சுத்தம் பண்ணச் சொல்லாத, உங்க பாட்டி பண்ணுவா. அந்தப் பையக் கையிலயே வெச்சுக்கினு எஸ்.எம்.பி.எஸ். கடைக்குள்ள போய், ஏ.சி.க்கு நேரா நின்னு, நிதானமா பேரம் பேசு. கடைக்காரன் எவ்வளவு சீக்கிரம் விலையக் கொறைச்சு உன்ன வெளிய அனுப்பறான்னு மட்டும் பாரு.